மயக்க வாயு இருதயத்தைக் காக்குமா?

வாசகர் கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடங்களுக்கு முன்னர் மாரடைப்பு வந்து, கண்டியில் ஸ்டென்ட் வைத்தார்கள். சீனி வருத்தமும் இருக்கிறது. இப்போது பித்தப்பைக் கல்லுக்குச் சத்திர சிகிச்சை செய்யத் திகதி கொடுத்திருக்கிறார்கள்; முழு மயக்கம் கொடுக்க வேண்டுமாம். சுவாசிக்கும் மயக்க வாயு இருதயத்தை மாரடைப்பிலிருந்து பாதுகாக்கும் என்று ஒரு கட்டுரையில் வாசித்தேன். மாமாவோ, "காஸ் கொடுத்தால் பலவீனமான இருதயம் நின்றுவிடும், ஊசி மயக்கமே கேளுங்கள்" என்கிறார். நாங்கள் எதைக் கேட்க வேண்டும்? சத்திர சிகிச்சையன்று காலையில் சீனிக் குளிசை போட வேண்டாம் என்றார்கள். அதற்கும் காரணம் விளங்கவில்லை. – ஆசிரியை ஒருவர், ஹட்டன்.

மயக்க மருந்து நிபுணரின் பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

நீங்கள் வாசித்த செய்தி பொய்யல்ல. ஆனால் அது பாதிச் செய்தி. செவோஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன் போன்ற சுவாச மயக்க மருந்துகள், குருதியோட்டம் தடைப்படும்போது இருதயத் தசை அழிந்துபோவதைக் குறைக்கின்றன என்பது ஆய்வுகூடங்களில் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட உண்மை. அந்தப் பாதுகாப்பு, உங்கள் அப்பாவைப் போன்ற ஒருவர் பித்தப்பைச் சத்திர சிகிச்சைக்கு உட்படும்போது உயிர் காக்கும் அளவுக்குப் பயன்படும் என்பதோ இதுவரை நிறுவப்படவில்லை. ஆகவே, "காஸ்தான் வேண்டும்" என்றோ "ஊசிதான் வேண்டும்" என்றோ நீங்கள் கேட்க வேண்டிய தேவை இல்லை. அப்பாவின் இருதயத்தைக் காக்கக்கூடிய வேறு சில காரியங்கள் உங்கள் குடும்பத்தின் கையில் இருக்கின்றன. அவற்றைக் கடைசியில் சொல்கிறேன். நீங்கள் காரணம் கேட்டு எழுதியிருப்பதால், முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இருதயம் ஓய்வே இல்லாமல் வேலை செய்யும் தசை. உடலின் மற்ற உறுப்புகள் தம்மிடம் வரும் குருதியிலுள்ள ஒட்சிசனில் ஒரு பகுதியை மட்டுமே எடுத்துக்கொள்ளும்போது, இருதயத் தசை, நாம் சும்மா படுத்திருக்கும்போதுகூட, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிடுகிறது. தேவை கூடினால் மேலும் எடுப்பதற்கு மிச்சம் அதிகம் இல்லாததால், இருதயத் தசைக்கே குருதி கொண்டுவரும் முடியுரு நாடியின் வழியாக வரும் குருதியின் அளவு கூடியே ஆக வேண்டும். அந்த நாடி ஒடுங்கியிருந்தாலோ அடைபட்டாலோ, கலங்களுக்குள் சக்தி குறைகிறது, அமிலம் தேங்குகிறது, சோடியமும் அதைத் தொடர்ந்து கல்சியமும் உள்ளே பெருகுகின்றன. இருபது நிமிடங்களுக்குள் ஓட்டம் திரும்பினால் தசை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்; அதற்கு மேல் நீடித்தால் தசை நிரந்தரமாகச் சாகத் தொடங்கும். குருதி திரும்பி வரும் கணமும் ஆபத்தானதே. திடீரென வந்து சேரும் ஒட்சிசன் தீங்கு செய்யும் மூலக்கூறுகளைப் பெருமளவில் உண்டாக்குகிறது. கலத்தின் சக்தி நிலையங்களான இழைமணிகளின் சவ்வில் ஒரு பெருந்துளை திறந்துகொள்கிறது. அது திறந்தபடியே இருந்துவிட்டால் அந்தக் கலம் அழிகிறது.

இந்த இடத்தில் 1986ஆம் ஆண்டு அமெரிக்காவில் மரி, ஜென்னிங்ஸ், ரைமர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வைச் சொல்ல வேண்டும். நாய்களின் முடியுரு நாடி ஒன்றை ஐந்து நிமிடம் அடைத்து, ஐந்து நிமிடம் திறந்து, இப்படி நான்கு முறை செய்த பிறகு, அதே நாடியை நாற்பது நிமிடம் தொடர்ச்சியாக அடைத்தார்கள். முன்னதாக நான்கு முறை சிரமப்பட்ட இருதயம் கூடுதலாகவே சேதமடையும் என்றுதான் யாரும் எதிர்பார்த்திருப்பார்கள். நடந்தது நேர்மாறு. இறந்துபோன தசையின் அளவு, அந்த முன்பயிற்சி இல்லாத நாய்களில் இருந்ததன் கால் பங்காகக் குறைந்திருந்தது. தேயிலை நாற்றுமேடையில் கன்றுகளைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகும் முன்பு, நிழலைச் சிறிது சிறிதாகக் குறைத்து வெயிலுக்குப் பழக்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பழகிய கன்று நடவுக்குப் பின்னான வெயிலைத் தாங்கும், பழகாதது கருகும். சிறு துன்பத்தால் பெருந்துன்பத்தைத் தாங்கும் தயார்நிலை இருதயத் தசைக்கும் உண்டு என்பதை அந்த ஆய்வு காட்டியது.

ஆனால் மனிதரின் நாடியை வேண்டுமென்றே அடைத்துத் திறப்பது எளிதாக எடுக்கக்கூடிய முடிவல்ல. அதே தயார்நிலையை ஒரு மருந்தால் உண்டாக்க முடியுமா என்று பலரும் தேடினார்கள். 1997ஆம் ஆண்டில் வெவ்வேறு ஆய்வுக் குழுக்கள், ஏறக்குறைய ஒரே காலத்தில், சுவாச மயக்க மருந்துகளே அதைச் செய்கின்றன என்று அறிவித்தன. இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, ஐசோஃப்ளூரேனைச் சிறிது நேரம் கொடுத்து, பின்னர் நிறுத்தி, அது உடலை விட்டு வெளியேற அரை மணி நேரம் விட்ட பின்னரே நாடியை அடைத்த பரிசோதனைதான். மயக்க மருந்து இருதயத்தின் வேலைப்பளுவைக் குறைக்கிறது, அதனால்தான் சேதம் குறைகிறது என்று மட்டும் சொல்லிவிட முடியாதபடி, மருந்து போன பின்னரும் பாதுகாப்பு நின்றது. தசை எதையோ நினைவில் வைத்திருந்தது.

அந்த நினைவு எப்படி உண்டாகிறது என்பதும் பெருமளவுக்குத் தெரியும். மயக்க ஆவி, கலத்தின் சவ்வில் இருந்து சமிக்ஞைகளை உள்வாங்கும் அடினோசின் ஏற்பிகள் என்ற புரதங்களின் வழியாகவும் வேறு வழிகளாலும் ஒரு சமிக்ஞைத் தொடரைத் தொடக்கிவைக்கிறது. இழைமணிகள், மேலே சொன்ன வினைமிகு ஒட்சிசன் மூலக்கூறுகளைத் தீங்கு செய்யாத அளவுக்குச் சிறிதளவு வெளிவிடுகின்றன; அவை புரதக் கைனேஸ் சி என்ற நொதியைத் தூண்டுகின்றன; கலத்தின் சக்தி நிலைக்கு ஏற்பத் திறந்து மூடும் பொற்றாசியம் வாயில்கள் திறக்கின்றன. இவற்றின் விளைவாக, குருதி திரும்பும்போது இழைமணிகளுக்குள் கல்சியம் குவிவது குறைகிறது. நான் மேலே சொன்ன அந்தப் பெருந்துளையும் எளிதில் திறப்பதில்லை. நாடிகளின் உட்சுவரில் வெண்குருதிக் கலங்கள் போய் ஒட்டிக்கொண்டு அழற்சியைப் பெருக்குவதும் குறைகிறது. முதல் பாதுகாப்பு ஓரிரு மணி நேரம் நிற்கும். பின்னர் மறைந்து, ஏறத்தாழ ஒரு நாள் கழித்து, கலம் புதிய பாதுகாப்புப் புரதங்களை உருவாக்கிக்கொள்ள, இரண்டாம் முறையாகத் திரும்பி வந்து இன்னும் ஓரிரு நாட்கள் நீடிக்கும்.

உங்கள் சீனிக் குளிசைக் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி இங்கேதான் இருக்கிறது. கிளிபென்கிளமைட் என்ற குளிசை, கணையத்திலுள்ள அதே வகைப் பொற்றாசியம் வாயில்களை மூடுவதன் மூலம்தான் இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது. கணையத்தோடு அது நிற்பதில்லை. இருதயத்தின் வாயில்களையும் மூடுகிறது. மேலே சொன்ன 1997ஆம் ஆண்டுப் பரிசோதனையில், ஐசோஃப்ளூரேனுக்கு முன்பாகக் கிளிபென்கிளமைட் கொடுத்தபோது பாதுகாப்பு இல்லாமலே போயிற்று. அதே குடும்பத்தைச் சேர்ந்த கிளிக்லசைட் கணையத்தின் வாயில்களையே பெரிதும் நாடுவதால் இந்தக் குறை அதில் குறைவு. இருந்தாலும், காலையில் குளிசையை நிறுத்தச் சொன்னதன் முதன்மைக் காரணம் இதுவல்ல. வெறும் வயிற்றில் அந்தக் குளிசை போட்டால் சீனி அளவு ஆபத்தான வகையில் இறங்கிவிடும். மயக்கத்திலிருப்பவர் வியர்ப்பதையோ தடுமாறுவதையோ சொல்ல முடியாது. மெட்ஃபோர்மினோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால் அவற்றுக்கு வேறு அறிவுறுத்தல் இருக்கும். அதை வாட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்காகச் சத்திர சிகிச்சைக்கு முந்தைய வாரத்தில் சீனியைக் கவனியாமல் விடக் கூடாது. குருதியில் சீனி மிக உயர்ந்திருந்தாலும் இருதயத்தின் இந்தத் தற்காப்பு மங்கிவிடுகிறது என்பது ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

இனி மனிதருக்கு வருவோம். இந்தப் பாதுகாப்பைச் சோதிக்க மிகப் பொருத்தமான இடம் பைபாஸ் சத்திர சிகிச்சை. அதில் இருதயத்துக்கான குருதியோட்டம் எப்போது நிற்கும், எப்போது திரும்பும் என்பது முன்கூட்டியே தெரியும். பெல்ஜியத்தில் டி ஹெர்ட்டும் அவரது குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், சத்திர சிகிச்சை முழுவதும் செவோஃப்ளூரேன் பெற்றவர்களின் குருதியில், சேதமடைந்த இருதயத் தசையிலிருந்து கசியும் ட்ரோபோனின் என்ற புரதம், புரோபோஃபோல் ஊசி மயக்கம் பெற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. தொடக்கத்தில் மட்டுமோ கடைசியில் மட்டுமோ கொடுத்தால் அந்த அளவு பயன் கிடைக்கவில்லை. இப்படியான சிறிய ஆய்வுகள் பல சேர்ந்து, மயக்க வாயு உயிரையும் காக்கும் என்ற நம்பிக்கையை எங்கள் துறையில் வளர்த்தன. நீங்கள் வாசித்த கட்டுரை அந்த நம்பிக்கையின் காலத்தில் எழுதப்பட்டதாக இருக்கலாம்.

2019ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான மிரியட் ஆய்வு அந்த நம்பிக்கையை அளந்து பார்த்தது. 13 நாடுகளில், பைபாஸ் செய்துகொண்ட 5,400 பேரில் ஒரு பாதியினருக்குச் சுவாச மயக்க மருந்தும் மறுபாதியினருக்கு முழுக்க ஊசி மயக்கமும் கொடுக்கப்பட்டன. ஓர் ஆண்டுக்குள் இறந்தவர்கள் முதல் பிரிவில் 2.8 சதவீதம், இரண்டாம் பிரிவில் 3.0 சதவீதம். வேறுபாடு என்று சொல்ல எதுவும் இல்லை. தொடர்ந்தாலும் விடை மாறாது என்று கண்டு, ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

ஆய்வுகூடத்தில் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது நோயாளர் கட்டிலில் ஏன் கரைந்துபோயிற்று என்பதற்கு என் கருத்தில் வலுவான காரணங்கள் சில உண்டு. பரிசோதனை விலங்குகள் இளமையானவை, நோயற்றவை. எங்கள் நோயாளிகளோ முதியவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், நெஞ்சுவலி வந்து வந்து இருதயம் ஏற்கெனவே ஓரளவு பழகிப்போனவர்கள், பல மருந்துகள் எடுப்பவர்கள். முதுமையும் நீரிழிவும் அந்தத் தயார்நிலையை மழுக்குகின்றன. அத்துடன், இன்றைய இருதயச் சத்திர சிகிச்சையில் குளிரூட்டல், இருதயத்தை நிறுத்திவைக்கும் பொற்றாசியக் கரைசல் என்று பாதுகாப்புகள் முன்னரே அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு மேல் இன்னொன்று சேர்வது கணக்கில் தெரியாமல் போகலாம். கண்டறிந்த இயக்கம் தவறு என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அந்த இயக்கத்தின் பலம் மற்றப் பாதுகாப்புகளின் நடுவே சிறியது என்றே நான் விளங்கிக்கொள்கிறேன்.

உங்கள் அப்பாவுக்கு நடக்கப்போவது இருதயச் சத்திர சிகிச்சை அல்ல என்பதால் விடயம் இன்னும் மாறுகிறது. பித்தப்பையை எடுக்கும்போது முடியுரு நாடியை யாரும் அடைப்பதில்லை. இப்படியான சத்திர சிகிச்சைகளில் இருதயத் தசைக்கு ஏற்படும் சேதத்தின் பெரும்பகுதி, மயக்கம் தெளிந்து நோயாளி வாட்டுக்குப் போன பிறகு, முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் நேர்கிறது. வலி, குளிர் நடுக்கம், வேகமான நாடித்துடிப்பு, குருதி அழுத்தம் இறங்குதல், குருதிச்சோகை, ஒட்சிசன் குறைதல் ஆகியவையே அதற்குக் காரணம். வலி மருந்து கொடுக்கப்பட்டிருப்பதால் பெரும்பாலானோருக்கு நெஞ்சுவலி தெரிவதே இல்லை. இதையெல்லாம் கருதித்தான், இருதய நோயாளிகளுக்கு மயக்க வாயுவே விரும்பத்தக்கது என்று 2007இல் சொன்ன அமெரிக்க இருதய சங்கங்களின் வழிகாட்டல், 2014இல் தன் நிலையைத் திருத்தி, வாயுவும் சரி ஊசியும் சரி, மாரடைப்பைத் தடுப்பது தவிர்ந்த வேறு காரணங்களைக் கொண்டு தெரிவு செய்யலாம் என்று கூறிற்று. நானும் அதையே கடைப்பிடிக்கிறேன்.

உங்கள் மாமாவின் பயத்துக்கும் மதிப்பளித்துப் பதில் சொல்ல வேண்டும்; அதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. மயக்க வாயு அளவு கூடினால் இருதயத்தின் சுருங்கும் பலத்தைக் குறைக்கும், குருதிக் குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தை இறக்கும். பழைய ஹாலோத்தேன் இருதயத் துடிப்பின் ஒழுங்கையும் குலைக்கக்கூடியது. முன்னைய தலைமுறையினரின் பயம் அங்கிருந்து வந்திருக்கலாம். ஆனால் புரோபோஃபோல் ஊசியும் குருதி அழுத்தத்தை இறக்கவே செய்யும். பெரும்பாலும் உங்கள் அப்பாவுக்கு இரண்டுமே கிடைக்கும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்: முதலில் கையிலுள்ள ஊசிக்குழாய் வழியே மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, சுவாசக் குழாய் வைத்த பிறகு, வாயுவால் அந்தத் தூக்கத்தைத் தொடர்வதே வழக்கம்.

அந்த வாயு எப்படிப் போகிறது என்று தெரிந்தால் பயம் சற்றுக் குறையும். மயக்க இயந்திரத்தின் மேற்பகுதியில், ஆவியாக்கி எனப்படும், கைக்கு அடக்கமான ஒரு கனத்த உலோகப் பெட்டி பூட்டப்பட்டிருக்கும். செவோஃப்ளூரேனுக்கு மஞ்சள், ஐசோஃப்ளூரேனுக்கு ஊதா என்று நிறம் குறித்திருப்பார்கள். அதன் தலையிலுள்ள குமிழை அழுத்தித் திருப்பினால்தான் திறக்கும். உங்கள் அப்பாவின் வயதில் செவோஃப்ளூரேன் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் வரையே தேவைப்படும். வேறு வலி மருந்துகள் சேர்ந்தால் இன்னும் குறையும். அவர் வெளிவிடும் ஒவ்வொரு மூச்சிலும் அந்த ஆவி எத்தனை சதவீதம் இருக்கிறது என்று அளந்து திரையில் காட்டும் கருவியும் உண்டு. அதே திரையில் ஈ.சி.ஜி. கோடு ஓடிக்கொண்டிருக்கும், துடிப்பின் கூர்முனைக்குப் பிறகு வரும் தட்டையான பகுதி ஒரு மில்லிமீற்றர் கீழே சரிந்தாலும் நாங்கள் கவனிப்போம், ஏனெனில் இருதயம் ஒட்சிசனுக்கு ஏங்குவதன் முதல் அடையாளம் பலமுறை அதுவே. சிறு துளைகள் வழியாகப் பித்தப்பையை எடுக்கும்போது வயிற்றுக்குள் காபனீரொட்சைட்டு வாயுவை நிரப்புவதால் இருதயத்துக்குப் பளு கூடும். அந்த நிமிடங்களில் அழுத்தமும் துடிப்பும் எல்லை தாண்டாமல் வைத்திருப்பதே, எந்த மயக்க மருந்தைத் தெரிவு செய்வது என்பதைவிட, அவரது இருதயத்துக்குப் பெரிது.

மலைநாட்டுக்காரர்கள் சிலர் உயரத்தைப் பற்றியும் கேட்பதுண்டு. நுவரெலியாவில், ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில், வளியமுக்கம் கடற்கரையில் இருப்பதன் ஐந்தில் நான்கு பங்கே. ஆனால் செவோஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன் ஆவியாக்கிகள் அங்கேயும் ஏறக்குறைய அதே பகுதியமுக்கத்தையே, அதாவது வாயுக் கலவையில் அந்த ஆவிக்கு மட்டும் உரிய அமுக்கத்தையே, கொடுக்கும். மூளையும் இருதயமும் உணர்வது அந்த அமுக்கத்தைத்தான். ஆகவே அதை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை. மலையில் கவலைப்பட வேண்டியது குளிரைப் பற்றி. நடுங்கும் உடல் ஒட்சிசனைப் பல மடங்கு கேட்கும். கம்பளிப் போர்வை, காலுறை, தலைக்குத் தொப்பி ஆகியவற்றை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

இப்போது உங்கள் கையிலுள்ளவை. இருதயத்துக்குக் கொடுத்திருக்கும் குளிசைகளில் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பிசோப்ரொலோல், மெட்டோப்ரொலோல், அட்டெனொலோல் போன்றவற்றில் ஒன்றை அவர் ஏற்கெனவே எடுத்துவந்தால், திடீரென விடுவது மாரடைப்பை அழைப்பதாகும்; அன்று காலையிலும் ஒரு வாய்த் தண்ணீரோடு போடச் சொல்வதே வழக்கம். கொழுப்புக்கான அட்டோர்வஸ்டட்டினும் அப்படியே. ஸ்டென்ட் உள்ளவர் என்பதால் அஸ்பிரினைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதைச் சத்திர சிகிச்சை வைத்தியரும் மயக்க மருந்து வைத்தியரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். குருதி கசியும் என்று பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டு ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம். ஸ்டென்ட் வைத்து மூன்று வருடங்கள் ஆகியிருப்பது நல்ல செய்தி. ஆபத்து மிகுந்த முதல் மாதங்கள் கடந்துவிட்டன. சுருட்டோ பீடியோ பிடிப்பவராக இருந்தால் இன்றே விட வேண்டும்.

மயக்க மருந்து கிளினிக்குக்குப் போகும்போது, கிளினிக் கொப்பியையும் கண்டியில் கொடுத்த ஸ்டென்ட் அட்டையையும் குளிசை உறைகளையும் அப்படியே எடுத்துப் போங்கள். அங்கே கேட்கப்படும் முக்கியமான கேள்வி, அவரால் எவ்வளவு தூரம் ஏற முடியும் என்பதுதான். தொழிற்சாலை வீதியிலிருந்து லயத்துக்கு ஏறும் படிகளில் இரண்டு மாடி உயரத்தை நிற்காமல் ஏறுகிறாரா, நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரா, சென்ற ஆண்டில் ஏறியதை இந்த ஆண்டில் ஏற முடியவில்லையா என்பதை நீங்களே இந்த வாரம் கூடப் போய்ப் பாருங்கள். எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் வைத்தியரிடம் "ஒன்றுமில்லை ஐயா" என்று சொல்லிப் பழகியவர்கள். சிங்களத்தில் விளக்கிச் சொல்ல முடியாது என்பதாலும் பலர் வாய் திறப்பதில்லை. இரு மொழியும் தெரிந்த ஒருவர் அவரோடு உள்ளே போகட்டும். ஏறும்போது புதிதாக நெஞ்சு இறுக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தால், சத்திர சிகிச்சைக்கு முன்பே இருதய கிளினிக்கில் காட்ட வேண்டும். திகதி தள்ளிப் போனாலும் பரவாயில்லை. இரத்த உறவினர் யாருக்காவது மயக்க மருந்தின்போது கடும் காய்ச்சலோ எதிர்பாராத மரணமோ நேர்ந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். அபூர்வமாகச் சில குடும்பங்களில் மயக்க வாயுவையே தவிர்க்க வேண்டிய பரம்பரைக் கோளாறு உண்டு.

சத்திர சிகிச்சை முடிந்த பின் முதல் மூன்று நாட்களும், அவர் வலி இல்லை என்று சொன்னாலும், மூச்சு வாங்குதல், காரணமில்லாத வியர்வை, குழப்பம், ஓயாத படபடப்பு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே தாதியிடம் சொல்லுங்கள். ட்ரோபோனின் பரிசோதனை செய்ய வேண்டுமா என்று வாட்டு வைத்தியரிடம் மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. வீட்டுக்கு அனுப்பும் நாளில், நிறுத்திவைத்த சீனிக் குளிசையையும் மற்ற மருந்துகளையும் எந்த நாளிலிருந்து எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்பதைக் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.